மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியின் கோளாறுகள்: ஏற்காடு மலைப்பாதையை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

சேலத்து டாக்ஸி ஸ்டாண்டுகளில் நிற்கும் பழைய டீசல் வண்டிகளின் மீட்டரை எட்டிப் பாருங்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று ஓடியிருக்கும். அதே மாடலை அதே வருடம் வாங்கிய இன்னொருவர் ஒன்றரை லட்சத்திலேயே இன்ஜினை இறக்கியிருப்பார். முதலாமவர் சின்னச் சத்தம் கேட்டாலும் அது எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று கவனித்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறார். இரண்டாமவர் "ஏதோ சத்தம் வருதுங்க, பாத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். அப்படிக் கொடுத்தால் மெக்கானிக் பாவம் என்ன செய்வார்? ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பணமும் போகும், கோளாறும் போகாது.

அதனால் பட்டறைக்குப் போகுமுன் சில கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது வருகிறதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஏசி இதில் எதைத் தொட்டால் மாறுகிறது? பாதிக் கோளாறு இந்தப் பதில்களிலேயே பிடிபட்டுவிடும்.

இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊர் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கூலிங், கிளட்ச், இழுவை மூன்றும் சோதனைக்கு வரும். இறங்கும்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் வரும். ஊருக்குள் ஆறு மாதம் ஓட்டினாலும் தெரியாத நோவு இந்த ஒரு பாதையில் தெரிந்துவிடும்.

டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது

பழைய வண்டியைக் கொல்வதில் முதலிடம் சூட்டுக்குத்தான். ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலும் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்துவிடலாம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல கார்களில் அந்த முள், சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நடுக்கோட்டைத் தாண்டி அசைய ஆரம்பித்தாலே சூடு நன்றாக ஏறிவிட்டது என்று பொருள். "இன்னும் சிவப்பைத் தொடலையே" என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள்.

ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, பைபாஸில் ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும், நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. இன்னோவா, பழைய பொலேரோ போன்றவற்றில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். நடுவில் விஸ்கஸ் கப்ளிங் இருக்கும், சூடானால் இறுகி ஃபேனைச் சுற்றவைக்கும் இணைப்பு அது. நன்றாகச் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் முழுதாக நின்ற பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். கையை எதிர்த்து நிற்க வேண்டும். லொடலொடவென்று சுற்றினால் கப்ளிங் போய்விட்டது. ஸ்விஃப்ட், டிசையர் போன்றவற்றில் மின்சார ஃபேன். ஏசியைப் போட்டால் அது ஓட ஆரம்பிக்க வேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஊருக்குள் ஒன்றுமில்லை, மலை ஏறினாலோ பைபாஸில் விரட்டினாலோ மட்டும் முள் ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்கு அவ்வளவு சூட்டை இறக்கும் தெம்பில்லை. இதற்குக் காரணம் உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம்.

முதலில் வெளியே பாருங்கள், காசு செலவில்லை. முன்னால் இருப்பது ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். பல வருடத் தூசி, பூச்சி, உமி எல்லாம் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்து, ஈரம் பட்டு, கம்பளி விரித்த மாதிரி ரேடியேட்டர் முகத்தை மூடியிருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் ஃபின் எல்லாம் மடங்கிவிடும்.

உள்ளே இருப்பது உப்பு. நம் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அப்படியே படியும். அவசரத்துக்கு ஒரு பாட்டில் ஊற்றியது தப்பில்லை. அதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் ரேடியேட்டர் அடைத்துப்போகும். கலந்து விற்கும் கூலண்டையே ஊற்றுங்கள். அடர்கூலண்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முள் சர்ரென்று ஏறுகிறது, ஆனால் ரேடியேட்டரைத் தொட்டால் சூடே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை. இங்கே சில பட்டறைகளில் "அதைக் கழட்டிப் போட்டுடலாம், இந்த ஊர் வெயிலுக்கு எதுக்கு அது" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும். டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். புதுசு வாங்கிப் போடுங்கள். நீண்ட நாள் ஓட வேண்டிய வண்டிக்கு அதுதான் நியாயம்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. பலர் அதை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டு உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் கொதிநிலை சுமார் 20 டிகிரி மேலே போகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. சேலத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி மேலே போய்ப் பொங்குவதற்கு இது ஒரு காரணம். விலை சில நூறு ரூபாய்தான். சந்தேகம் வந்தால் முதலில் இதை மாற்றுங்கள், வண்டிக்கு உரிய அழுத்த அளவிலேயே வாங்குங்கள்.

பாதி மலையில் முள் ஏறிவிட்டால்: ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை வேகமாக வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியே இறங்கும். அகலமான இடம் பார்த்து, வளைவில் இல்லாமல், ஓரமாக நிறுத்துங்கள். கூலண்ட் வெளியே கொட்டவில்லை என்றால் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடட்டும், முள் இறங்கும். கொட்டுகிறது, ஆவி அடிக்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். ஹோஸ் கைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடவே கூடாது. கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

கூலண்ட் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி நிற்காமல் வருகிறதா? இரண்டும் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. ஆயில் மூடியின் அடியில் மட்டும் பாலேடு மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி குளிரில் தினமும் கடைவரைக்கும் மட்டும் ஓடும் வண்டியில், இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் ஈரம் அப்படித் தங்கும். ஒருநாள் சேலம் வந்து போனால் போய்விடும். ஆயில் குச்சியை உருவினால் அதிலும் காபி நிறத்தில் வந்தால்தான் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போவதுதான் சரி.

இழுவை இல்லை, புகை தள்ளுகிறது

முதலில் மலையின் பங்கைக் கழித்துவிடுங்கள். ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத பழைய வண்டி மேலே கொஞ்சம் சோர்வது இயற்கை. டர்போ வண்டியில் அந்தச் சோர்வு பெரிதாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் அதுவே ஒரு அறிகுறி.

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மேல் போகிறது. ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் கல் தூசிக்குள் தினமும் ஓடும் வண்டிக்கு மேனுவல் சொல்லும் இடைவெளியில் பாதிதான் தாங்கும். அடுத்து டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். ஏற்றத்தில் மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று ஒரு சத்தமும், கூடவே கறுப்புப் புகையும், இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் அந்த ஹோஸ் கிழிந்திருக்கிறது அல்லது கிளிப் நழுவியிருக்கிறது. டர்போவே போய்விட்டது என்று சொல்லிப் பெரிய பில் போடுமுன், ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே நன்றாக இருக்கும், மடிப்பின் அடியில்தான் கிழியும். அதன்பிறகு ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) கரி அடைப்பு, கடைசியாக டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போவதுதான் எந்தக் கோளாறுக்கும் வரிசை.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். இரவு நின்ற வண்டி காலை ஸ்டார்ட்டில் ஒரு புகை விட்டு அப்புறம் சுத்தமாகிவிட்டால் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல். பெட்ரோல் வண்டியில் மலை இறங்கும்போது காலை எடுத்துவிட்டுக் கியரில் விட்டு, வளைவு முடிந்து மிதித்ததும் நீலமாக வந்தாலும் வால்வு சீல், கைடு பக்கம்தான். ஏற்றம் முழுக்க, மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங். ஐடிலில் ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

சரி, ஆயில் குடிக்கிறது என்றாலே இன்ஜினை இறக்கிவிட வேண்டுமா? வேண்டாம். பல கம்பெனி மேனுவல்களே 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கின்றன. ஆயில் மாற்றும் இடைவெளிக்குள் ஒரு லிட்டர் குறைகிற மூன்று லட்சம் ஓடிய வண்டியை வாரம் ஒருமுறை குச்சி பார்த்து, ஊற்றி ஓட்டலாம். பல வருடம் ஓடும். குச்சி பார்க்காமல் ஓட்டுவதுதான் ஆபத்து. பழைய இன்ஜின்கள் பல, ரிங் தேய்ந்து சாகவில்லை. ஆயில் வற்றிச் செத்தவை.

நீண்ட நாள் ஓடும் வண்டி என்றால் எதையும் மாற்றாமல் ஓடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966-இல் வாங்கிய வோல்வோ 1800 எஸ் காரை 2013-இல் 30 லட்சம் மைல், அதாவது 48 லட்சம் கிலோமீட்டர் தாண்டவைத்தார். கிரேக்க நாட்டில் ஒரு டாக்ஸிக்காரரின் 1976 மாடல் மெர்சிடிஸ் 240 டி சுமார் 46 லட்சம் ஓடியது. இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பொருத்தித்தான் அவ்வளவு தூரம் வந்தது. தேய வேண்டியது தேயும். அதை நேரத்தில் மாற்றினால் தேயக் கூடாதது தேயாது.

இறக்கத்தில் பிரேக் சரியில்லை

இதில் விளையாட்டே கூடாது. மலையிறக்கத்தில் பிரேக் போகும் விதம் இரண்டு, காலுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, கருகல் வாசனை வருகிறது என்றால் பேடும் லைனரும் அளவுக்கு மீறிச் சூடாகி வழுக்குகின்றன. ஆறினால் திரும்ப வரும். வாசனை இல்லாமல், ஆரம்பத்திலிருந்தே பெடல் கட்டை மாதிரி இருந்தால் அது வேறு கதை. பூஸ்டரோ அதன் வேக்கம் ஹோஸோ போயிருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்திருக்கிறது. இது மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள். டாப்-அப் செய்வது மாற்றியதாக ஆகாது.

மலையில் ஓட்டுகிற டிரைவர்கள் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பார்கள். ஏற்காடு ரோட்டில் இரண்டாவதோ மூன்றாவதோ கியரில் விட்டு, இன்ஜின் பிடித்துக்கொள்ள, பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தி விட்டுவிட வேண்டும். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிப்பவரோடு தயவுசெய்து ஏறாதீர்கள். மலையேறி வரும் வண்டிக்கே முதலில் வழி என்பதையும் நினைவில் வையுங்கள். இறங்குகிறவர் நின்று வழிவிட முடிகிற வேகத்தில்தான் வர வேண்டும். அடிவாரம் வந்ததும் சூடான வீலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் டிஸ்க் கோணும்.

பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் முன் டிஸ்க் சமமாகத் தேயவில்லை. லேத்தில் கடையலாம், ஆனால் டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. கீச்சென்ற சத்தம் வந்து, பிரேக் அழுத்தினால் மாறினால் பேடின் தேய்மானக் கம்பி உரசுகிறது. கரகரவென்றால் பேடே முடிந்து இரும்போடு இரும்பு உரசுகிறது.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உறவினர் ஒருவரின் காரில் இது இருந்தது. அலைன்மென்ட் பார்த்தார்கள், டயர் மாற்றிப் போட்டார்கள், ஒன்றும் சரியாகவில்லை. மலை இறங்கி வந்து நான்கு வீலுக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்தோம், தொடவில்லை. இடது முன்வீல் மட்டும் கை வைக்க முடியாத சூடு. டிஸ்கைப் பேடால் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்றினால், அது முன்னும் பின்னும் நகர வேண்டிய இரண்டு பின்களில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் போயிருக்கிறது. கிரீஸ் பிசின் மாதிரி பழுப்பாகக் காய்ந்திருந்தது. உள்பக்கப் பேட் தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பின்னை உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, புது உறை போட்டதோடு வேலை முடிந்தது. ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் இந்தப் பின்னை உருவிக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, வண்டி போகவில்லை

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, எரிந்த வாசனை. கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. சந்தேகமிருந்தால் சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர் போட்டு முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் எகிறினால் உறுதி. பிளேட்டை மட்டும் மாற்றாதீர்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்த்து மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் இதில் பெரிய செலவு, அதை இரண்டு முறை கொடுக்க வேண்டியதில்லை.

கிளட்ச் சீக்கிரம் போவதற்கு, விடுமுறை நெரிசலில் வளைவுகளில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டு நிற்பதுதான் பெரிய காரணம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்துங்கள், கிளம்பும்போது விடுங்கள்.

கிளட்ச் மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் போகிறது, விட்டால் வருகிறது என்றால் கியர்பாக்ஸ் முன் பேரிங்.

வீல் பக்கம் சத்தம்

வேகம் ஏற ஏற "ஊங்" என்று கூடுகிறது, ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி மறுபக்கம் வளைத்தால் குறைகிறது: வீல் பேரிங். வலப்பக்கம் வளைக்கும்போது எடை இடது வீலில் ஏறும். அப்போது கூடினால் இடது பேரிங் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், அதனால் முதலில் டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மிதிக்கும்போது "டக் டக் டக்" என்று வந்தால், முன்வீல் இழுக்கும் கார்களில், ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். பின்வீல் இழுக்கும் வண்டிகளில் கியர் போட்டுக் கிளம்பும்போது "டங்" என்று ஒரு அடி வந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின்வீலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் (இணைப்பு). கிரீஸ் நிப்பிள் இருந்தால் சர்வீஸ்தோறும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். மறந்துபோகிற இடம் அது.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், எண்பது தொண்ணூறில், ஸ்டியரிங் ஆடி, அதைத் தாண்டினால் நின்றுவிட்டால் வீல் பேலன்ஸ்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ஏற்காட்டில் இரவு தங்கிய வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும். முந்நூறு நானூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். இரவு நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. இது இரண்டும் சரியாக இருந்து, செல்ஃப் "டிக்" என்று மட்டும் நின்றால் டெர்மினலையும், இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பேட்டரி மாற்றியும் தீராத தொல்லை பல அங்கேதான் இருக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, டீசல் இன்ஜின் பிடிக்கவில்லை, குளிரில் மட்டும் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜின் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக். குளிர், வெயில் இரண்டிலும் நீண்ட நேரம் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் டீசல் லைனில் காற்று நுழைகிறது. டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், அதையும் ஒருமுறை திறந்து விடுங்கள்.

இன்ஜின் லைட் எரிகிறது

ஸ்கேனர் காட்டும் எரர் கோட் எண், எந்தச் சென்சாரின் அளவு தப்பாக வருகிறது என்பதைத்தான் சொல்லும். அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லாது. வயர், பிளக், எலி கடித்த இடம் மூன்றையும் பார்த்த பிறகு மாற்றுங்கள். அந்த எரர் கோட் எண்ணை அழிக்குமுன் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பிரஷர் லைட் மட்டும் விதிவிலக்கு. அது ஓடும்போது எரிந்தால் அந்த நொடியே ஓரம்கட்டி அணைக்க வேண்டும்.

இருசக்கர வண்டி

ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகள் ஒரு லட்சம் சாதாரணமாகத் தாண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய மாடல் மலை மேலே திணறினால் பயப்பட வேண்டாம்; காற்று குறைந்து பெட்ரோல் கலவை கெட்டியாகிறது, இறங்கினால் சரியாகும். சேலத்திலேயே திணறி, பிளக் கறுப்பாக இருந்தால் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் பாருங்கள். சிறிய இன்ஜினில் ஆயிலே ஒரு லிட்டருக்குப் பக்கம்தான் என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் சேதம் பெரிது.

அறிகுறியே காட்டாமல் போகிறவை

மேலே சொன்ன எல்லாம் ஏதாவது ஒரு விதத்தில் குரல் கொடுக்கும். இவை கொடுக்காது. அதனால் இவற்றுக்கு நாள் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்தான் வழி.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் நான் மலை ஏற மாட்டேன். கூலண்ட் ஹோஸைப் பிசைந்து பாருங்கள். மொறுமொறுவென்று இருந்தாலோ, கிளிப் அருகே உப்பியிருந்தாலோ மாற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயில், பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் ஆயில் இரண்டும் பலர் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாமலே ஓட்டுகிறார்கள். மேனுவலில் அளவு இருக்கிறது, பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது டைமிங் பெல்ட், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பட்டை. பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் பெல்ட். அடுத்து வந்த கிரிஸ்டா 2.4 லிட்டர் டீசலிலும், ஸ்விஃப்ட் 1.3 டீசலிலும் செயின். செயின் தளர்ந்தால் காலை ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி சரசரவென்று சத்தம் கொடுத்து எச்சரிக்கும். பெல்ட் அப்படிச் செய்யாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்து, வால்வு பிஸ்டனில் மோதி, ஒரே நொடியில் இன்ஜின் வேலை வைத்துவிடும். மேனுவல் சொன்ன கிலோமீட்டரில் பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப் ஒழுகத் தொடங்கியிருந்தால் அதையும் அப்போதே முடித்துவிடுங்கள். மாற்றிய அன்று மீட்டர் அளவையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பானட்டுக்குள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கிய பழைய வண்டியில் அந்த ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை என்றால், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போவதற்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.